அட்டையில் கோளாறு இல்லை!

காஞ்சிபுரத்தில் ஒருத்தர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கார்டு சரியில்லை" என்று சொன்னால் உடனே அனுதாபப்பட்டுவிடக் கூடாது. எந்தக் கார்டு என்று விசாரிக்க வேண்டும். ரேஷன் கார்டா, ஏ.டி.எம். கார்டா, அல்லது தறிக்கு மேலே மாலை மாதிரி தொங்குகிற ஜக்கார்டு அட்டையா? இப்போது நாலாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு!

இந்த நாலாவது கார்டு பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்து, மூன்று வாரம் அந்தக் குடும்பத்தைப் பாடாய்ப் படுத்தியது.

வீட்டுப் பெரியவருக்கு 74 வயது. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கப் போட்டு மிதிக்கிற பழைய குழித்தறி. நெய்வது கோர்வைச் சேலை. கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சந்திக்கிற இடத்தில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கோத்ததால்தான் அது கோர்வை. இதற்குத் தறியின் ஒரு பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா போட வேண்டும். அந்த இன்னொரு ஆள், நாற்பது வருஷமாக, அவர் சம்சாரம்தான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நாடா போட்டுக்கொண்டே இருப்பார்கள். (பேசிக்கொள்ளாததால்தான் நாற்பது வருஷம் ஓடியது என்பது பெரியவரின் கட்சி.)

இப்போது அம்மாவுக்கு மூட்டு வலி. மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறார். ஷிப்டு, பி.எப்., பஸ் எல்லாம் உண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கம் உட்கார ஆள் இல்லை. தை பிறந்ததும் குழியை மூடி டைல்ஸ் போட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது.

காலேஜில் படிக்கிற பேத்தி மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். "கடைசிச் சேலையை நான் முழுசா வீடியோ எடுத்து வைக்கணும். தாத்தா கை எப்படிப் போகுதுன்னு பின்னால யாராவது கத்துக்கணும்னா, பார்க்கறதுக்கு ஒண்ணு இருக்கணும் இல்ல?"

பதினொரு நாள் எடுத்தாள். நல்ல போன். நாலு-கே என்கிற உயர்தரத்தில், வினாடிக்கு 60 படம். எடிட் செய்யப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் கூடப் படிக்கிற பையன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். காசு கிடையாது. எடிட்டிங்குக்குக் கேடென்லைவ் என்றொரு மென்பொருள். அதற்கும் காசு கிடையாது.

இங்கே லினக்ஸ் பற்றி இரண்டு வரி. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன்களின் அடியாழத்தில் இருப்பதும் அதன் கருதான். நம் ஊருக்கும் அது அன்னியமில்லை. 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸும் அதில் வந்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு குழு உண்டு. 2012-லிருந்து 'கணியம்' என்ற தமிழ் இதழ் இந்த மாதிரி விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறது.

சரி, கதைக்கு வருவோம். எடிட்டரில் வீடியோவைப் போட்டால் ஓடவில்லை. ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது, நொண்டியது. ஒரு அடி வைக்கும், யோசிக்கும், மறுபடி ஒரு அடி வைக்கும். பெரியவர் கையில் நாடா இருக்கும். அடுத்த கணம் அது எதிர்ப் பக்கம் இருக்கும். நடுவில் என்ன நடந்தது? தெரியாது. கோர்வையின் சூட்சுமமே அந்த நடுவில்தான். கட்டை விரல் ஒரு இழையைத் தள்ளி, இன்னொரு இழை அதைச் சுற்றிக்கொண்டு வருகிற அந்த அரை வினாடி. அது மட்டும் காணோம். படம் முழுக்க இருந்து சூட்சுமம் மட்டும் இல்லாமல் போனால் அப்புறம் எதற்கு வீடியோ?

தெருவே கூடி வைத்தியம் சொன்னது. ஒருத்தர் ராம் போதாது என்றார். ஒருத்தர் வைரஸ் என்றார். "லினக்ஸ்னாலே அப்படித்தாம்மா" என்று லினக்ஸைப் பார்த்தேயிராத ஒருத்தர் சொன்னார். கடைசியில் 'கிராபிக்ஸ் கார்டு' என்ற சொல் உதித்தது. பாவம், பெண் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 6,500 ரூபாய்க்கு ஒரு பழைய கார்டு வாங்கி வந்து மாட்டினாள்.

நொண்டல் அப்படியே இருந்தது.

"இது சின்ன கார்டும்மா. முப்பதாயிரம் ரூபாய்ல ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா பறக்கும்" என்று அடுத்த வைத்தியர் வந்தார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், கண்ணாடி முன்னால் நின்று, காதிலிருந்த கம்மலின் திருகைத் தொட்டுப் பார்த்தாராம். அதைப் பார்த்ததும் பேத்தி என்னிடம் ஓடி வந்தாள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தெருவில் ஒரு வதந்தி உண்டு.

"மாமா, பாட்டி கம்மலைக் கழட்டறதுக்குள்ள வாங்க!"

போனேன். கம்ப்யூட்டர் தறிக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் இருந்தது. பெரியவர் தறியிலிருந்து எழுந்திருக்காமல், "என்னா தம்பி, அட்டை சரியில்லைன்றாங்களே, ஓட்டை கீட்டை அடைச்சிருக்கா பாருங்க" என்றார்.

"அது வேற அட்டைங்க ஐயா."

"எல்லா அட்டையும் ஒண்ணுதான்!"

அவர் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் துளை போட்ட அட்டைகளால் தறியை இயக்கிக் காட்டினார். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், பாவு இழை மேலே எழும். இல்லையென்றால் எழாது. உண்டு, இல்லை; ஒன்று, பூஜ்யம். 1839-ல் லியான் நகரில் அந்த ஜக்கார்டின் உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகள் வைத்துப் பட்டில் நெய்தார்கள். தன் கணக்குப் போடும் எந்திரத்துக்கும் துளை அட்டைதான் என்று அதற்கு முன்பே திட்டம் போட்டிருந்த இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், அப்படி ஒரு பட்டுப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் ஹோலரித் துளை அட்டையைப் பயன்படுத்தினார். அந்த வழியில் வந்ததுதான் ஐ.பி.எம். ஆகக் கம்ப்யூட்டருக்குப் பட்டுத்தறி தாத்தா முறை வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் பேரன் தாத்தா வீட்டுக்கே வந்து மக்கர் செய்கிறது, அவ்வளவுதான்.

முதல் காரியமாக எடிட்டரை மூடச் சொன்னேன். அதே வீடியோவைச் சாதாரணமாகப் படம் பார்க்கிற மென்பொருளில் ஓட்டச் சொன்னேன். அங்கேயும் நொண்டியது. இது முக்கியமான தடயம். எடிட்டர் மட்டும் குற்றவாளி இல்லை. அதற்கும் கீழே ஏதோ இருக்கிறது.

இரண்டாவதாக, எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற திரையைத் திறந்தோம். பிராசஸரின் நாலு கோர்களும் நூற்றுக்கு நூறு. மூச்சிரைக்கிறது. புதுசாக வாங்கின கார்டு? பூஜ்யம். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது.

பிராசஸர் ஏன் மூச்சிரைக்கிறது என்றால், கணக்கு அப்படி. நாலு-கே படம் ஒன்றில் 3840-க்கு 2160 புள்ளிகள். அதாவது 83 லட்சம். வினாடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடி புள்ளிகள். அப்படியே எழுதினால் வினாடிக்கு 149 கோடி பைட். போன் தாங்குமா? அதனால் போன் அதை நூறு மடங்குக்கு மேல் கசக்கிப் பிழிந்து சிறிதாக்கி வைக்கிறது. பார்க்கும்போது பிரித்து விரிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்குள் இந்த விரிக்கிற வேலைக்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. அதற்கு வேலை கொடுத்தால்தானே செய்யும்?

"அட்டை இருக்குதுங்க ஐயா, ஓடலை" என்றேன்.

பெரியவர் நாடாவைக் கீழே வைத்தார். "பெட்டிக்கும் தறிக்கும் கயிறு கட்டினீங்களா?"

எனக்குப் பளிச்சென்றது. ஜக்கார்டு பெட்டி மேலே இருக்கிறது, தறி கீழே. அட்டை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், கொக்கியிலிருந்து ஒவ்வொரு இழைக்கும் கயிறு இறங்கினால்தான் பாவு எழும். கயிறு இல்லாவிட்டால் மேலே பெட்டி ஓடும், கீழே சேலையில் ஒரு பூவும் விழாது. கம்ப்யூட்டரில் அந்தக் கயிற்றுக்குப் பெயர் டிரைவர்.

லினக்ஸில் கார்டை மாட்டியதும் ஒரு பொது டிரைவர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் படம் தெரியும். எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் சில கார்டுகளை அந்தப் பொது டிரைவரால் முழு வேகத்தில் ஓட்ட முடியாது. வீடியோ விரிக்கிற பகுதியைத் திறக்கவும் முடியாது. கார்டுகளின் உள்விவரத்தைக் கம்பெனிகள் பொத்தி வைத்ததுதான் ரொம்ப நாள் தகராறு. 2012-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மேடையில் கார்டு கம்பெனி ஒன்றைப் பற்றிக் கேட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து விரலைக் காட்டியே திட்டிவிட்டார். எந்த விரல் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பத்து வருஷம் கழித்து, 2022-ல், அந்தக் கம்பெனி தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்து வைத்தது.

இதற்கு மேல் பேடண்ட் என்றொரு வில்லங்கம். வீடியோவைக் கசக்கிப் பிழிகிற முறைகளுக்குக் காப்புரிமை உண்டு. அதற்குப் பயந்து சில லினக்ஸ் வெளியீடுகள் அந்த விரிக்கிற வசதியை எடுத்துவிட்டே தருகின்றன. 2022-ல் பெடோரா அப்படிச் செய்தது. நாம்தான் தனியாகத் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கார்டுக்கு உரிய டிரைவரையும், விரிப்பதற்கான துணை நூலகத்தையும் இறக்கிப் போட்டோம். 'வி.ஏ.இன்ஃபோ' என்று ஒரு கட்டளை உண்டு. இந்தக் கார்டுக்கு எந்தெந்த வகை வீடியோவை விரிக்கத் தெரியும் என்று பட்டியல் கொடுக்கும். முன்பு அது பிழைச் செய்தி சொன்னது. இப்போது வரிசையாகப் பெயர்களைக் கொட்டியது. வீடியோவை ஓட்டினோம். வெண்ணெய்! பிராசஸர் சாவகாசமாக இருந்தது. பேத்தி கைதட்டினாள். பாட்டி காபி கொண்டு வந்தார். ஸ்டிராங்கான காபி.

பாதிக் காபியில் பேத்தி எடிட்டரைத் திறந்தாள்.

நொண்டல்!

பாட்டியின் கை மறுபடி காதுக்குப் போனது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து முப்பதாயிரத்தை எடுத்து வைக்கிறார்கள். படம் பார்ப்பது வேறு, எடிட் செய்வது வேறு. பார்க்கும்போது வீடியோ நேராக ஓடும். எடிட் செய்யும்போது முன்னால் போகிறோம், பின்னால் வருகிறோம், நடுவில் குதிக்கிறோம். போன் எடுத்த வீடியோவோ மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. முதல் பக்கத்தில்தான் முழுக் கணக்கு. மற்ற பக்கமெல்லாம், 'மேற்படி, கூட அரை கிலோ துவரம்பருப்பு' என்று வித்தியாசம் மட்டும். நாற்பதாவது பக்கத்தின் பாக்கி தெரிய வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எடிட்டரில் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் இதே கூட்டல்தான். தவிர, பேத்தி வைத்திருந்த எடிட்டர் பதிப்பு, முன்னோட்டம் காட்டும்போது விரிக்கிற வேலையைப் பிராசஸரிடமே கொடுத்தது. கார்டைக் கூப்பிடவே இல்லை. சில எடிட்டர்களின் புதுப் பதிப்புகளில் இது மாறி வருகிறது. ஆனால் கூப்பிடாத வீட்டில் எவ்வளவு பெரிய கார்டு போய் நின்றாலும் மரியாதை இல்லை. முப்பதாயிரம் கொடுத்திருந்தால் அதுவும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

"அப்ப என்னதான் வழி மாமா?"

வழி, கேடென்லைவிலேயே இருக்கிறது. 'ப்ராக்ஸி' என்று பெயர். பாட்டிக்கும் புரிய வேண்டுமே என்று இப்படிச் சொன்னேன்: "வரதராஜர் கோயில்ல மூலவர் எங்கேயாவது கிளம்பி வர்றாரா? அவர் மலை மேல நின்ன இடத்துலயே நிக்கறார். வைகாசி கருட சேவைக்குத் தெருத் தெருவா வர்றது யாரு? உற்சவர். நாம உற்சவரைச் சேவிச்சாலும் அது மூலவருக்குத்தானே போய்ச் சேருது?"

பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆமாம்."

"அதேதான். அசல் வீடியோ மூலவர். அதைத் தூக்கி அலைக்கழிக்கக் கூடாது. அதே வீடியோவுக்குச் சின்னதா ஒரு உற்சவ வீடியோ பண்ணிக்கறோம். வெட்டறது, ஒட்டறது எல்லாம் அதுலதான். கடைசியா முழுப்படம் தயார் பண்ணும்போது கம்ப்யூட்டர் தானாவே மூலவரை எடுத்துக்கும். தரம் துளிகூடக் குறையாது."

கணக்கும் அனுகூலம்தான். 640-க்கு 360 புள்ளி அளவில் ப்ராக்ஸி செய்தால், புள்ளிகள் 36-ல் ஒரு பங்கு. ராத்திரி கம்ப்யூட்டரை ஓட விட்டுப் படுத்தார்கள். பதினொரு நாள் வீடியோவுக்கும் காலையில் உற்சவர்கள் வரிசையாகத் தயார். பேத்தி எங்கே குதித்தாலும் படம் கூடவே குதித்தது.

ஆனால் பெரியவர் திருப்தியாகவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மிதி சத்தம் தப்பா இருக்குது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேத்திக்கும் தெரியவில்லை. அவர் சொன்னாரே என்று ஒரு நீளமான காட்சியின் கடைசிப் பகுதியைப் பார்த்தால், கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்! போன்கள் வினாடிக்கு 60 என்று சொல்லுமே தவிர, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 58, 60 என்று எடுத்துக்கொண்டு போகும். எடிட்டருக்கு அந்தத் தாளம் பிடிக்காது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிடும். சீரான வேகத்துக்கு வீடியோவை மாற்றித் தருவதற்கும் கேடென்லைவில் வசதி உண்டு. மாற்றினோம், புது மூலவருக்குப் புது உற்சவர் செய்தோம். மிதியும் சத்தமும் சேர்ந்தன. அறுபது வருஷம் மிதித்த காலுக்குத் தெரிந்த பிழை நம் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிறகு பேத்தி ஒரு காரியம் செய்தாள். 60 படம் எடுத்ததை வினாடிக்கு 30 வீதம் ஓட விட்டாள். வேகம் சரிபாதி. ஒரு படமும் விடுபடாது, நொண்டாது. அந்த அரை வினாடி, முழு வினாடியாக விரிந்தது. கட்டை விரல் சாய்கிறது. உடலின் சிவப்பு இழை கரையின் பச்சை இழையைப் பிடிக்கிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து பாட்டியின் கை நாடாவை அனுப்புகிறது. மூட்டு வலியோடு, கடைசிச் சேலைக்காகப் பாட்டி உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் தன் கையைத் தானே முதல் தடவையாகப் பார்த்தார். "இப்படியா போடறேன்?" என்றார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும், "அது கைக்குத் தெரியும்ப்பா" என்பார். வார்த்தையில் சொல்ல வரவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்தது. பாட்டி திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் குழியை மூடிவிட்டார்கள். டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. வீடியோ 42 நிமிஷம். பாவு ஏற்றுவதிலிருந்து சேலையைத் தறியிலிருந்து அறுப்பது வரை எல்லாம் இருக்கிறது. பேத்தி அதை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் வீடியோ நொண்டினால் வரிசை இதுதான்: எடிட்டருக்கு வெளியே ஓட்டிப் பாருங்கள். யார் உழைக்கிறார், யார் தூங்குகிறார் என்று பாருங்கள். டிரைவரைப் போடுங்கள். அப்படியும் எடிட்டர் நொண்டினால் ப்ராக்ஸி செய்யுங்கள். சத்தம் விலகினால் வேகத்தைச் சீராக்குங்கள். இவ்வளவுக்கும் செலவு ஒரு ராத்திரி மின்சாரம். இதையெல்லாம் செய்த பிறகும் ஓடவில்லை என்றால்தான் பெரிய கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதுவரைக்கும் கம்மல் காதிலேயே இருக்கட்டும்.